வைரம் வாங்கப் போகிறவருக்கும் விற்கப் போகிறவருக்கும்

எமது நாட்டு மண்ணில் நீலக்கல் உண்டு, புஷ்பராகம் உண்டு, வைடூரியம் உண்டு. வைரம் இல்லை. ஆனாலும் வைரம் என்ற பெயரில் கல் விற்பது இங்கு புதிய விடயமல்ல. மாத்தறைப் பக்கம் கிடைத்த நிறமற்ற சிர்கோன் கல்லை அந்தக் காலத்தில் "மாத்தறை வைரம்" என்று விற்றார்கள். இரத்தினக்கல் பற்றிய நூல்களில் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. கல் அழகானதுதான், நன்றாக ஒளி வீசும். ஆனால் வைரத்தின் கடினம் 10 என்றால் சிர்கோனின் கடினம் ஏழரை அளவுதான். சில வருடங்கள் விரலில் கிடந்தால் பட்டைகளின் ஓரங்கள் தேய்ந்து, கல் மங்கிவிடும். வாங்கியவருக்கு அப்போதுதான் விடயம் விளங்கும்.

இந்தப் பழைய கதையை இன்று நினைவூட்டக் காரணம் உண்டு. தங்கத்தின் விலை ஏறி ஏறி 2025 ஒக்டோபரில் உலகச் சந்தையில் அவுன்ஸ் 4000 டொலரைத் தாண்டியது. பிள்ளைகளின் கலியாணத்துக்குப் பவுண் கணக்கில் நகை செய்து பழகிய குடும்பங்கள் கணக்குப் பார்த்துத் தயங்குகின்றன. பாரமான மாலைக்குப் பதிலாக 18 கரட் தங்கத்தில் மெல்லிய வைர மோதிரம், வைரத் தோடு என்று கேட்போரைக் காண்கிறேன். இதுவரை தங்கம் மட்டும் விற்ற எமது கடைக்காரர்கள் சிலரும் கண்ணாடிப் பெட்டியில் ஒரு தட்டை வைரத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். வாங்குபவருக்கு இது முதல் தடவை. விற்பவரில் பலருக்கும் இது முதல் தடவை. இரு பக்கத்தாருக்கும் சரியாகத் தெரியாத பண்டத்தில் வியாபாரம் நடந்தால் இடையில் நிற்பவருக்குத்தான் கொண்டாட்டம்.

என்னுடைய கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைரம் வாங்குவது பிழையல்ல. அதைச் சேமிப்பு என்று நினைத்து வாங்குவது பிழை. சேமிப்பு என்று சொல்லி விற்பது அதைவிடப் பெரிய பிழை. அடுத்தது, வைரம் விற்கும் எமது கடைகள் ஒவ்வொன்றும் கல்லின் முழு விபரத்தையும் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டாலும் கொடுக்க வேண்டும், கேட்காவிட்டாலும் கொடுக்க வேண்டும். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கரட் என்ற ஒரு சொல்லும் மூன்று கணக்கும்

முதலில் குழப்பம் வருவது "கரட்" என்ற சொல்லில்தான். தங்கத்தில் கரட் என்றால் தூய்மை. 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம் என்று பொருள். கல்லில் கரட் என்றால் நிறை. ஒரு கரட் என்பது 200 மில்லிகிராம். ஐந்து கரட் சேர்ந்தால்தான் ஒரு கிராம் வரும். அந்த ஒரு கரட்டை நூறாகப் பிரித்து ஒவ்வொரு பங்கையும் பொயின்ற் என்பார்கள். அரைக் கரட் கல் 50 பொயின்ற்.

மூன்றாவது கணக்கு ஒன்று உண்டு. அதுதான் "மொத்தக் கரட்". ஒரு நகையில் உள்ள எல்லாக் கற்களின் நிறையையும் கூட்டிச் சொல்வது. இதில்தான் புதியவர்கள் விழுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர் தென்பகுதியில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். கம்பி, சீமெந்து, ஆணி எதிலும் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. மகனுக்குப் பார்த்த பெண்ணுக்காக வாங்கிய மோதிரத்தை என்னிடம் கொண்டு வந்தார். "ஹாஜியார், ஒரு கரட் மோதிரம் எண்டு சொல்லித்தான் தந்தாங்க. நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லுங்க" என்றார். நடுவில் சுமார் 30 பொயின்ற் அளவில் ஒரு கல், அதைச் சுற்றியும் வளையத்தின் தோளிலும் பொடிக் கற்கள். எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு கரட் வரும்தான். பற்றுச்சீட்டில் "வைர மோதிரம், 1 கரட்" என்று ஒரே ஒரு வரி. அவர் கொடுத்த பணமோ ஒரு தனிக் கல்லுக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கடைக்குப் போய்க் கேட்டார். "மொத்தம் ஒரு கரட் இருக்குதானே, நாங்க என்ன பொய்யா சென்னோம்" என்று திருப்பிக் கேட்டார்களாம். எழுதியதில் பொய் இல்லை என்பது உண்மைதான். எழுதாமல் விட்டதில்தான் அவருடைய பணம் போனது.

இது ஏன் பெரிய வித்தியாசம் என்பதை வியாபாரிகளுக்கு ஒரு கணக்கால் விளக்கலாம். பேச்சுக்கு ஒரு எண்ணை வைத்துக்கொள்வோம், இது சந்தை விலையல்ல. அரைக் கரட் கல்லுக்குக் கரட் ஒன்று 1500 டொலர் வீதம் என்றால் அந்தக் கல்லின் விலை 750 டொலர். அப்படி இரண்டு கல் வாங்கினால் 1500 டொலரில் ஒரு கரட் நிறை கையில் இருக்கும். ஆனால் அதே தரத்தில் ஒரு கரட் எடையுள்ள தனிக் கல்லுக்குக் கரட் வீதமே 4000 டொலராக இருக்கலாம். கல் பெரிதாகப் பெரிதாக அதன் விலை மட்டுமல்ல, கரட் வீதமும் சேர்ந்து ஏறுகிறது. பெரிய கல் கிடைப்பது அரிது என்பதே காரணம். நீலக்கல் வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஐந்து கரட் நீலத்தின் வீதமும் அரைக் கரட் நீலத்தின் வீதமும் ஒன்றா? வைரத்தில் இது இன்னும் கடுமையாக, எடைப் படிகளாக இருக்கிறது. அரைக் கரட், முக்கால் கரட் அளவு, 90 பொயின்ற், ஒரு கரட் என்று ஒவ்வொரு படியிலும் வீதம் ஒரு குதி குதிக்கும்.

புத்தியுள்ள வாங்குபவருக்கு இதில் ஒரு வழியும் இருக்கிறது. ஒரு கரட் வட்ட வைரத்தின் விட்டம் கிட்டத்தட்ட ஆறரை மில்லிமீற்றர். 90 பொயின்ற் கல்லின் விட்டம் அதைவிடச் சுமார் 0.2 மில்லிமீற்றர்தான் குறைவு. விரலில் போட்டால் எந்தக் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. விலையில் நன்றாகத் தெரியும். படிக்குச் சற்றுக் கீழே நிற்கும் கல்லைக் கேட்டு வாங்குவதே முதல் தடவை வாங்குபவருக்கு நான் சொல்லும் முதல் புத்தி.

நான்கில் எதற்கு முதலிடம்?

வைரத்தின் தரத்தை நான்கு விடயங்களால் அளக்கிறார்கள். நிறை, நிறம், தெளிவு, வெட்டு. இன்று உலகம் பின்பற்றும் அளவுகோலை வகுத்தது ஜீஐஏ எனப்படும் அமெரிக்க இரத்தினவியல் நிறுவனம். அது 1931 இல் தொடங்கப்பட்டது. அதன் நிற, தெளிவு அளவுகள் 1950களில் நடைமுறைக்கு வந்தன.

நிறம் ஆங்கில எழுத்து டீ இல் தொடங்கி இஸட் வரை போகும். டீ என்றால் நிறமே இல்லாதது. கீழே போகப் போக மஞ்சள் ஏறும். நீலக்கல்லில் நிறம் கூடினால் விலை கூடும், சாதாரண வைரத்தில் நிறம் கூடினால் விலை குறையும். எமது கல் வியாபாரிகள் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டிய எண்ணம் இதுதான். தெளிவு என்பது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்து, உள்ளே உள்ள குறைகளைக் கணக்கிடுவது. குறையே இல்லாதது முதல் வெறும் கண்ணுக்கே குறை தெரிவது வரை 11 படிகள் உண்டு. விவிஎஸ், விஎஸ், எஸ்ஐ, ஐ என்று கடைகளில் சொல்வது இந்தப் படிகளைத்தான்.

முதல் தடவை வாங்குபவர் தன் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இரண்டிலும்தான். "டீ நிறம், விவிஎஸ் தெளிவு" என்றால்தான் நல்ல கல் என்று யாரோ காதில் ஓதியிருப்பார்கள். ஜீ, எச் நிறக் கல்லை மோதிரத்தில் பதித்த பின் பார்த்தால் வெள்ளையாகத்தான் தெரியும். மஞ்சள் தங்கத்தில் பதிப்பதென்றால் இன்னும் ஒரு படி கீழே போனாலும் கண்ணுக்குத் தெரியாது. விஎஸ் தெளிவுள்ள கல்லில் குறையை வெறும் கண்ணால் காண முடியாது. எஸ்ஐ முதற் படியிலும் பல கற்கள் அப்படித்தான், ஆனால் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுக்க வேண்டும். லென்ஸ் வைத்துத்தான் காண முடிகின்ற ஒரு வித்தியாசத்துக்காக, லென்ஸே இல்லாத வீட்டில் வாழப்போகும் பிள்ளைக்கு மேலதிகப் பணம் கொடுக்க வேண்டுமா என்று வாங்குபவர் யோசிக்க வேண்டும்.

பணம் கொடுக்க வேண்டியது வெட்டுக்குத்தான். வைரத்தின் ஒளி அதன் வெட்டில் இருக்கிறது. மேலே விழும் வெளிச்சம் உள்ளே போய் அடிப்பட்டைகளில் பட்டுத் திரும்பி மேலேயே வர வேண்டும். அதற்குரிய கோணங்களை மார்சல் டோல்கோவ்ஸ்கி என்பவர் 1919 இல் கணக்குப் போட்டு வெளியிட்டார். கல் அளவுக்கு மேல் ஆழமாக வெட்டப்பட்டால் நடுப்பகுதி கறுத்துத் தெரியும். அளவுக்கு மேல் தட்டையாக இருந்தால் ஒளி அடியால் ஒழுகிப் போகும். டீ நிறமும் விவிஎஸ் தெளிவும் உள்ள கல் வெட்டுப் பிழைத்தால் கண்ணாடித் துண்டு மாதிரிக் கிடக்கும். ஜீஐஏ 2006 முதல் வட்ட வெட்டுக் கற்களுக்கு வெட்டின் தரத்தையும் ஐந்து படிகளாகக் குறிப்பிடுகிறது. அதில் முதல் இரண்டு படிகளுக்குக் கீழே போக வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

வெட்டில் நிறையும் ஒளிந்திருக்கிறது. எமது ஊர்ப் பட்டறைகளில் நீலக்கல்லுக்கு அடிவயிறு விட்டு வெட்டுவது ஏன் என்று வியாபாரிகளுக்குத் தெரியும். நிறை போகாமல் இருக்கத்தான். வைரத்திலும் அது நடக்கிறது. ஒரு கரட் என்று விற்பதற்காக ஆழமாக வெட்டிய கல், மேலிருந்து பார்த்தால் 85 பொயின்ற் கல்லின் அகலம்தான் இருக்கும். வாங்குபவர் அடியில் மறைந்திருக்கும் நிறைக்கும் பணம் கொடுக்கிறார். எனவே கரட் எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காமல், விட்டம் எத்தனை மில்லிமீற்றர் என்றும் கேளுங்கள்.

இன்னொரு விடயம். வைரம் உலகிலேயே கடினமான கல் என்பதால் அது உடையாது என்று நினைப்பவர்கள் உண்டு. கடினம் வேறு, உறுதி வேறு. வைரத்தை இன்னொரு வைரத்தைத் தவிர எதனாலும் கீற முடியாது. ஆனால் அதற்குப் பிளவுபடும் திசைகள் உண்டு. விளிம்பு மெல்லியதாக உள்ள கல்லில் சரியான இடத்தில் அடி பட்டால் துண்டு பறக்கும். மோதிரம் செய்யும்போது கல்லைப் பிடிக்கும் நகங்கள் உறுதியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதும், வருடத்துக்கு ஒரு தடவை பொற்கொல்லரிடம் காட்டுவதும் அவசியம்.

சான்றிதழ் சொல்வதும் சொல்லாததும்

சான்றிதழ் இல்லாமல் தனிக் கல் வாங்க வேண்டாம். ஆனால் சான்றிதழ் என்றால் என்ன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஜீஐஏ, ஐஜிஐ போன்ற ஆய்வுகூடங்கள் கொடுக்கும் அறிக்கை கல்லின் நிறை, அளவு, நிறம், தெளிவு, அதற்குச் செய்யப்பட்ட சிகிச்சை ஆகியவற்றைச் சொல்லும். விலையைச் சொல்லாது. கடைக்காரர் தன் மேசையில் இருந்தே எழுதிக் கொடுக்கும் "மதிப்பீட்டுச் சான்றிதழ்" வேறு. அதில் கல்லின் பெறுமதி வாங்கிய விலையைப் போல் இரண்டு மடங்கு என்று எழுதியிருந்தாலும் அந்த விலைக்கு அவரே திருப்பி வாங்கமாட்டார். ஒரு வைரம் அதன் தரத்தைத் தானே எழுதிக் கொடுப்பவரிடம் வாங்கப்படக் கூடாது.

பல கற்களில் விளிம்பில் சான்றிதழின் இலக்கம் லேசர் கதிரால் பொறிக்கப்பட்டிருக்கும். லென்ஸ் வைத்துக் கடைக்காரரையே அதைக் காட்டச் சொல்லுங்கள். அந்த இலக்கத்தை ஆய்வுகூடத்தின் இணையத்தளத்தில் கொடுத்துப் பார்த்தால் விபரம் ஒத்துப்போக வேண்டும். பொன்னில் பதித்த கல்லை நிறுக்க முடியாது, அதன் ஓரக் குறைகளையும் நிறத்தையும் சரியாகப் பார்க்க முடியாது. ஆகவே முடிந்தால் தனிக் கல்லாக வாங்கி உங்கள் பொற்கொல்லரிடம் கொடுத்துப் பதியுங்கள். பதிப்பதற்கு முன்னும் பின்னும் அந்த இலக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் வைத்து ஊசி மாதிரி ஒரு கருவியைக் கல்லில் தொட்டு, விளக்கு எரிந்தவுடன் "பாருங்க, வைரம்" என்பார்கள். வெப்பத்தைக் கடத்துவதை அளக்கும் கருவி அது. சிர்கோனையும் கியூபிக் சிர்கோனியாவையும் அது பிடித்துவிடும். மொய்சனைட் என்ற செயற்கைக் கல்லையோ அது வைரம் என்றே காட்டும். ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரத்தை அதனால் பிரிக்கவே முடியாது, ஏனென்றால் அதுவும் வைரம்தான். இதுதான் இன்றைய பெரிய விடயம்.

ஆய்வுகூட வைரத்தை எப்படிப் பார்ப்பது?

1954 இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பனி பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் வைரத்தை உருவாக்கிக் காட்டியது. 1970 இல் நகைக்கு உகந்த கல்லையும் செய்தது. பிறகு வாயுவிலிருந்து படலம் படலமாக வைரத்தை வளர்க்கும் முறையும் வந்தது. இன்று சீனாவிலும் இந்தியாவிலும் இது பெரும் கைத்தொழில். 2023 ஜூன் மாதம் இந்தியப் பிரதமர் மோடி அமெரிக்க ஜனாதிபதியின் மனைவிக்குக் கொடுத்த 7.5 கரட் பச்சை வைரமும் ஆய்வுகூடத்தில் வளர்த்ததுதான்.

இதைப் போலி என்று சொல்வது தவறு. இரசாயனத்தில், கடினத்தில், ஒளியில் அது வைரமே. அமெரிக்காவின் வர்த்தக ஆணைக்குழு 2018 இல் தன் வழிகாட்டியைத் திருத்தியபோது வைரத்துக்கான வரைவிலக்கணத்திலிருந்து "இயற்கை" என்ற சொல்லையே நீக்கியது. ஆனால் வளர்த்த கல்லை வளர்த்த கல் என்று தெளிவாகச் சொல்லி விற்க வேண்டும் என்பதை அது விடவில்லை.

விலையில்தான் வித்தியாசம். சுரங்கக் கல்லுக்குப் பேர்போன டி பியர்ஸ் கம்பனியே 2018 இல் லைட்பொக்ஸ் என்ற பெயரில் வளர்த்த வைரத்தைக் கரட் 800 டொலர் என்று விற்கத் தொடங்கியது. 2024 இல் அதன் சாதாரண ரகம் 500 டொலராகக் குறைக்கப்பட்டது. 2025 மே மாதம் அந்த வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தார்கள். 2025 ஒக்டோபர் முதல் ஜீஐஏ வளர்த்த வைரத்துக்குச் சுரங்க வைரத்தைப் போல விரிவான நிற, தெளிவுப் படிகள் கொடுப்பதை நிறுத்தி, உயர்தரம், சாதாரணம் என்ற இரண்டு வகையாக மட்டும் பிரிக்கிறது. இயந்திரம் கூடக் கூட உற்பத்தி கூடும், உற்பத்தி கூடினால் விலை இறங்கும். கையடக்கத் தொலைபேசியும் தொலைக்காட்சியும் போன வழி அது.

அப்படியென்றால் வாங்கலாமா? அழகுக்காக என்றால் தாராளமாக வாங்கலாம். சம்பளம் எடுக்கும் ஒரு இளைஞன் கடன்படாமல் தன் மனைவிக்கு ஒரு நல்ல கல் வாங்கிக் கொடுக்க அது வழி செய்கிறது. அதைக் கேவலமாகப் பேசுவது சரியல்ல. ஆனால் வளர்த்த கல்லின் விலையைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும், வளர்த்த கல் என்று தெரிந்துதான் வாங்க வேண்டும்.

பொடிக் கற்களில் இது இன்னும் சிக்கல். மோதிரத்தைச் சுற்றிப் பதிக்கும் சின்னக் கற்களுக்கு யாரும் ஒவ்வொன்றாகச் சான்றிதழ் எடுப்பதில்லை. இயற்கைக் கற்களின் பொட்டலத்தில் வளர்த்த கற்களைச் சொல்லாமல் கலந்துவிடுவது உலக வைரச் சந்தை முழுவதும் அறிந்த தலையிடி. கண்ணாலும் லென்ஸாலும் பிரிக்க முடியாத இடத்தில், வாங்குபவருக்கு உள்ள ஒரே பாதுகாப்பு விற்பவரின் வார்த்தையும் அவர் எழுதிக் கொடுக்கும் துண்டும்தான்.

விற்கப் போனால் என்ன கிடைக்கும்?

எமது குடும்பங்கள் நகையைப் பார்ப்பது பாதி அலங்காரமாக, பாதி ஆபத்துக்கு உதவும் பணமாக. கடையில் சரக்கு முடங்கும்போது, வைத்தியசாலைச் செலவு வரும்போது, மனைவியின் வளையல்தான் அடகுக்குப் போகிறது. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் எத்தனை சிறு வியாபாரிகளை அது காப்பாற்றியது என்று நான் சொல்லத் தேவையில்லை.

வைரம் அந்த வேலையைச் செய்யாது. அடகு வைக்கும் இடத்தில் தங்கத்தின் நிறையைத்தான் பார்ப்பார்கள், கல்லின் நிறையைக் கழிப்பார்கள். தங்கத்துக்கு ஒவ்வொரு நாளும் உலகம் முழுவதும் ஒரு விலை உண்டு. வைரத்துக்கு அப்படி ஒரு விலை இல்லை. 1978 முதல் வெளிவரும் ரப்பபோர்ட் விலைப் பட்டியல் கூட மொத்த வியாபாரிகள் பேரம் பேசத் தொடங்கும் புள்ளிதான். சில்லறைக் கடையில் வாங்கிய கல்லைத் திருப்பி விற்கப் போனால் கடையின் இலாபம், வரி, செய்கூலி எல்லாம் கழிந்து மொத்த வியாபாரியின் விலைக்கும் கீழேதான் கேட்பார்கள். வளர்த்த வைரமென்றால் பல இடங்களில் திருப்பி எடுக்கவே மாட்டார்கள். ஆகவே கலியாணத்துக்கென்று ஒரு தொகை ஒதுக்கியிருந்தால், சேமிப்புக்கென்று நினைக்கும் பகுதியை வைரமில்லாத 22 கரட் தங்கத்தில் வையுங்கள். செலவென்று மனம் ஒப்பிய பகுதியில் மட்டும் வைரம் வாங்குங்கள்.

இந்த இடத்தில் எமது நீலத்தையும் மறந்துவிடக் கூடாது. 1981 இல் பிரித்தானிய இளவரசர் சார்ள்ஸ் டயானாவுக்கு அணிவித்த மோதிரத்தின் நடுவில் இருந்தது 12 கரட் இலங்கை நீலக்கல். வைரங்கள் அதைச் சுற்றி வேலியாகத்தான் நின்றன. பேருவளையிலும் இரத்தினபுரியிலும் கல்லை நேரில் பார்த்து, மாமா மச்சானிடம் காட்டி விசாரித்து வாங்கக்கூடிய நாம், நிச்சயதார்த்த மோதிரம் என்றால் வைரம்தான் என்று எண்ணியது வெளிநாட்டு விளம்பரத்தால். சின்னதாக ஒரு நல்ல நீலத்தை நடுவில் வைத்துப் பாருங்கள் என்று சொல்வதற்கு எமது கடைக்காரர்கள் வெட்கப்படத் தேவையில்லை.

கேட்காததை ஏன் சொல்ல வேண்டும்?

சில வியாபாரிகளோடு இதைப் பேசியபோது அவர்கள் சொன்ன மறுமொழி இதுதான்: "வாங்குறவரே கேக்காததை நாங்க ஏன் சொல்லணும்? பக்கத்துக் கடைக்காரன் சொல்றானா? சொன்னா யாவாரம் அங்க போயிடும்." இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஒருவர் மட்டும் "இது வளர்த்த கல், இது மொத்தக் கரட்" என்று எழுதி, மற்றவர் வாய்மூடி இருந்தால் இன்றைய விற்பனை மற்றவருக்குத்தான் போகும்.

ஆனால் எமது கல் வியாபாரத்தின் வரலாற்றைப் பாருங்கள். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெர்னெயில் என்ற பிரெஞ்சுக்காரர் சிவப்புக்கல்லைத் தீச்சுடரில் செய்து காட்டினார். சில வருடங்களில் செயற்கை நீலமும் வந்தது. எமது ஊர்களில் கூட அதை இயற்கைக் கல்லென்று சுற்றுலாப் பயணிகளின் தலையில் கட்டியவர்கள் இருந்தார்கள். அதன் பலன் என்ன? தெருவில் கல் காட்டுபவரைக் கண்டால் வெளிநாட்டவர் ஒதுங்கிப் போகும் நிலை வந்தது. நேர்மையாக விற்றவரும் அந்தப் பழியைச் சுமந்தார். 1970களில் பால் நிறக் கெவுடக் கற்களை நாம் மலிவாக விற்றோம். தாய்லாந்துக்காரர் சூடாக்கி நீலமாக்கிப் பெரும் பணம் பார்த்தார்கள். பண்டத்தைப் பற்றிய அறிவு யாரிடம் இருக்கிறதோ பணமும் அவரிடம்தான் போகும் என்பதை அந்தச் சந்தை எமக்குக் கற்பித்தது. இன்று சூடு காட்டிய நீலத்துக்கும் காட்டாத நீலத்துக்கும் விலை எட்டாத தூரத்தில் இருக்கிறது. அந்த விபரத்தைச் சான்றிதழோடு சொல்லித்தான் பெரிய வியாபாரிகள் விற்கிறார்கள். சொன்னதால் வியாபாரம் அழியவில்லை, வளர்ந்தது.

வைரத்திலும் உண்மை வெளிவரும் நாள் தூரத்தில் இல்லை. இன்று வாங்கும் பிள்ளை நாளை டுபாய்க்கோ மெல்பேர்னுக்கோ போவாள். மோதிரத்தைச் சுத்தம் செய்யக் கொடுக்கும் கடையில் ஒருவர் கருவியில் வைத்துப் பார்த்து, "இது வளர்த்த கல்" என்று சொல்வார். அந்தச் செய்தி ஒரே இரவில் குடும்பத்தின் வட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் ஓடும். அதில் கடையின் பெயரும் இருக்கும். பக்கத்துக் கடையும் அதே பெயரில்தான் அடிபடும். தங்கம் வாங்க வருபவரும் அந்தக் கடைப் படியில் ஏறத் தயங்குவார்.

பற்றுச்சீட்டில் இருக்க வேண்டியவை

எனவே எமது நகைக் கடைக்காரர் சங்கங்களிடம் நான் கேட்பது ஒரு சின்ன விடயம். எல்லோருக்கும் பொதுவான ஒரு பற்றுச்சீட்டு மாதிரியைத் தயாரியுங்கள். எல்லோரும் ஒரே நாளில் தொடங்கினால் பக்கத்துக் கடைக்காரன் என்ற பயமும் இல்லாமல் போகும். அதில் இவை இருக்க வேண்டும்: நடுக் கல்லின் நிறை தனியாக, பொடிக் கற்களின் எண்ணிக்கையும் மொத்த நிறையும் தனியாக. கல் இயற்கையா, ஆய்வுகூடத்தில் வளர்த்ததா என்பது. நிறம், தெளிவு, வெட்டு. சிகிச்சை செய்யப்பட்டதா என்பது. சான்றிதழின் பெயரும் இலக்கமும். கல்லின் விலை, தங்கத்தின் விலை, செய்கூலி மூன்றும் மூன்று வரிகளில். கடைசியாக, திருப்பிக் கொண்டுவந்தால் என்ன அடிப்படையில் எடுப்போம் என்ற ஒரு வரி. இவற்றை எழுதப் பத்து நிமிடம் போதும்.

கடைக்காரர்கள் தாமும் கற்றுக்கொள்ள வேண்டும். இரத்தினக்கல் மற்றும் ஆபரண ஆராய்ச்சி பயிற்சி நிறுவனம் இந்தத் துறையில் பயிற்சி கொடுக்கிறது. தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையிடம் கல் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் இருக்கிறது. கடையில் நிற்கும் ஒரு பிள்ளையையாவது பயிற்சிக்கு அனுப்புங்கள். மொத்தமாகப் பொடிக் கல் வாங்கும்போது, இவை இயற்கைக் கற்கள் என்று உங்களுக்கு விற்பவரிடமிருந்தும் எழுத்தில் வாங்குங்கள். உங்களுக்கு எழுதித் தராதவரின் சரக்குக்கு நீங்கள் எப்படி மற்றவருக்கு எழுதிக் கொடுப்பீர்கள்?

வாங்கப் போகும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. அரிசி மூட்டை வாங்கினால் கைவிட்டுப் பார்க்கிறீர்கள், துணி வாங்கினால் நூலை இழுத்துப் பார்க்கிறீர்கள். உங்கள் கடைக்கு வரும் சரக்கின் விலைப்பட்டியலில் ஒரு வரி தெளிவில்லாவிட்டால் காசோலை எழுதமாட்டீர்கள். அதே பழக்கத்தை நகைக் கடையிலும் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன விபரங்களை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். தரத் தயங்கும் கடையில் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், பணத்தைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடங்கள்.